அக்காவுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. மாமா மகளிடம் யார் சொல்வது?

சிப்புட்_சின்னவள்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் பேச வீட்டில் எனக்கு ஆள் இல்லை.

நாங்கள் சுங்கை சிப்புட். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்ட பிறகு அப்பா டவுன் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் சின்னதாக வீடு வாங்கினார். அம்மா 2009-இல் தவறிவிட்டார், 51 வயது. வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, ரெண்டு வாய் சாப்பிட்டால் நெஞ்சோடு நிற்கிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரசரிடம் போனால் காஸ்திரிக் மருந்து, டவுன் கிளினிக்குக்குப் போனால் அதே காஸ்திரிக் மருந்து வேறு கலரில். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது சினைப்பைப் புற்று, வயிறு முழுக்கப் பரவிவிட்டது. ஊரில் இன்றைக்கும் "வயித்துல கட்டி"தான். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

போன வருடம் அக்காவுக்கு மார்பில் கட்டி, அவளுக்கு 42. ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆயிற்று. அம்மா கதையைக் கேட்டதும் டாக்டர் மரபணு டெஸ்ட்டுக்கு எழுதினார். பிஆர்சிஏ1 என்கிற மரபணுவில் கோளாறு, பாசிட்டிவ். அப்பாவுக்கு எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. ஆக அம்மா வழியில் வந்தது. அப்புறம் எனக்கு எடுத்தார்கள். எனக்கும் இல்லை.

அந்த ரிசல்ட் வாங்கக் கோலாலம்பூருக்கு அக்காதான் கார் ஓட்டிக்கொண்டு வந்தாள். அவள் உள்ளே வரவில்லை. நான் வெளியே வரும்போது கையில் ரெண்டு தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) பொட்டலம், சிவப்பு ரப்பியா கயிறு கட்டியது, வைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். "இல்லையாம்க்கா" என்றேன். ஒரு பொட்டலத்தை நீட்டி, "நல்லது. உனக்கென்ன, நீ தப்பிச்சிட்டே" என்றாள். அவ்வளவுதான். வீடு வரும் வரைக்கும் ரேடியோ. நான் அந்தத் தண்ணியைக் குடிக்கவே இல்லை, சிப்புட் வந்து சேரும்போது ஐஸெல்லாம் கரைந்து பாவாடையெல்லாம் ஈரம்.

அதிலிருந்து அவள் முன்னைப்போல் பேசுவதில்லை. சண்டை என்றால் கூடப் பரவாயில்லை, சண்டையும் இல்லை. அவள் தலையில் இப்போதுதான் முடி முளைக்கிறது, அவள் எதிரில் நான் தலை பின்னக்கூட யோசிக்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய ரிசல்ட், எனக்கு என்னவோ பந்தியில் முந்திப் போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இது சரியா தப்பா தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி, எங்கள் ரெண்டு பேரையும் மடியில் வைத்துக் காது குத்தியவர், என் சடங்குக்குச் சீர் தூக்கிக்கொண்டு லோரியில் வந்தவர். அவருக்கு மூன்று பெண்கள். மரபணு ஆலோசகர் "குடும்பத்தாருக்கு" என்று ஒரு கடிதம் கொடுத்தார், அதைச் சொந்தக்காரர்களிடம் சேர்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு. அக்கா "என்னால முடியாது, நீ போ" என்று தள்ளிவிட்டாள். நான் போனேன். மாமா கடிதத்தைத் தொடக்கூட இல்லை. "உங்கம்மா வயித்துக்கட்டியில செத்தா, உங்கக்காவுக்கு மார்ல. ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாகும்? எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் கிடையாது" என்றார். மாமி நேராகவே கேட்டார்: "பெரியவளுக்குத் தை மாசம் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

அவளுக்கு 27 வயது, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, எனக்குத் தங்கை மாதிரி. தினமும் கல்யாணச் சேலை போட்டோ அனுப்புகிறாள், நான் இதயம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மாமாவைத் தாண்டி அவளிடம் நேராகச் சொல்லலாமா? கடிதம் பூஜை மேசை இழுப்பறையில் கற்பூர டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. விளக்கு ஏற்றும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.


கூலிம்_பெரியக்கா

தங்கச்சி, முதலில் உன் அக்கா விஷயம்.

எனக்கு பிஆர்சிஏ2, அதே மாதிரி இன்னொரு மரபணு, அப்பா வழியில் வந்தது. ஆமாம், அப்பா வழியில்தான், இதை உன் மாமாவிடமும் சொல். ஆண்களுக்கும் இருக்கும், அவர்கள் மூலமாகவும் இறங்கும். எங்கள் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, 78 வயது, இன்றைக்கும் மோட்டாரில் பாசாருக்குப் போகிறார், ஆனால் அவர் அக்கா தங்கை மூன்று பேரில் ரெண்டு பேர் போய்விட்டார்கள். ஆம்பளைகளுக்கு ஒன்றும் வராது என்றும் நினைக்க வேண்டாம், பிஆர்சிஏ2 இருந்தால் பிராஸ்டேட் புற்று வரும் வாய்ப்பு கூடும், அபூர்வமாக மார்பிலும் வரும். எங்கள் அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார், பிறகு ஒரு வாரம் சிரிக்கவில்லை.

எனக்கு இருக்கிறது, என் தங்கைக்கு இல்லை. அதனால் நான் இப்போது உன் அக்கா பக்கத்து ஆள். சொன்னால் வருத்தப்படாதே. அந்த ஆறு மாதம் என் தங்கை முகத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள்மேல் கோபம் இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் பிள்ளைகள் கண்ணுக்கு வந்தார்கள். எனக்கு ரெண்டு பெண். நாங்களும் ரெண்டு பெண். ஒருத்திக்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை. அப்படியென்றால் என் ரெண்டு பேரில் யார் நான், யார் அவள்? ராத்திரி அதுகள் தூங்கும்போது நின்று பார்ப்பேன், பைத்தியம் பிடித்த மாதிரி. உன் அக்காவுக்குப் பிள்ளைகள் உண்டா, எழுதவில்லையே?

இன்னொன்று, அவள் கீமோவில் இருந்தபோது நீதான் சோறு கொண்டு போயிருப்பாய், தெரியும். அதை நிறுத்திவிடாதே. குற்ற உணர்ச்சியில் பத்து வகை சமைத்துக்கொண்டும் போகாதே, எங்கள் தங்கை அப்படித்தான் செய்தாள், ஃப்ரிட்ஜில் இடமில்லாமல் அதற்கே ஒரு சண்டை வந்தது.


லோரிக்காரன்_தாப்பா

நான் வேறு மாதிரி சொல்கிறேன், எல்லாரும் திட்டுவீர்கள், பரவாயில்லை.

நானும் ரெண்டு பொண்ணைக் கட்டிக்கொடுத்தவன். தைக்கு இன்னும் எத்தனை மாதம்? மண்டபம் புக் பண்ணி, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்போது போய் "உனக்கு வரலாம், வராமலும் போகலாம்" என்று ஒரு பேப்பரை நீட்டினால் அந்தப் பிள்ளை மணவறையில் எப்படி உட்காரும்? அந்த மாமா ஒன்றும் கெட்டவர் இல்லை, அப்பன் மனசு. கல்யாணம் முடியட்டும், ஒரு பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் ஆறுதலாகச் சொல்லலாம். நம்ம ஆளுங்களைப் பற்றித் தெரியாதா, சீனி வியாதி என்றாலே பொண்ணு வேண்டாம் என்பார்கள். அந்த ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி ஆபரேஷன் செய்துகொண்டு 2013-இல் பேப்பரில் எழுதினார், சரி, அவரிடம் காசு இருக்கிறது. சிப்புட்டில் இருக்கிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?


பழைய_மிஸ்ஸி

அண்ணே, திட்டவில்லை, நீங்கள் சொன்னதில் பாதி நியாயம்தான். ஆனால் "ஒரு பிள்ளை பிறக்கட்டும்" என்ற இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. 31 வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்து பென்ஷன் வாங்குகிறவள் நான், பெண்கள் வார்டில் நிறைய பார்த்திருக்கிறேன், கேளுங்கள்.

பிஆர்சிஏ1 இருக்கிற பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2017-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 80 வயதுக்குள் 100 பேரில் சுமார் 72 பேருக்கு மார்பகப் புற்று, சுமார் 44 பேருக்குச் சினைப்பைப் புற்று என்று கணக்குச் சொன்னது. பெரும்பாலும் மேல்நாட்டுப் பெண்கள், நம் ஊர்ப் பெண்களுக்கு எண் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சின்ன எண் இல்லை. மாமா கேட்ட "ரெண்டும் எப்படி ஒண்ணாகும்" என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. இந்த மரபணுவின் வேலை உடம்பில் டிஎன்ஏ அறுந்தால் தைப்பது. தையல்காரர் சரியில்லையென்றால் ரவிக்கையும் கிழியும், பாவாடையும் கிழியும். ஒரே மரபணு, ரெண்டு இடம்.

மார்பை எம்ஆர்ஐ, மாமோகிராம் எடுத்து வருடா வருடம் பார்க்கலாம். 25 வயதிலிருந்தே எம்ஆர்ஐ தொடங்கச் சொல்கிறார்கள், அந்தப் பிள்ளைக்கு இப்போதே 27. சினைப்பைக்கு அப்படி நம்பிப் பார்க்கிற சோதனை எதுவும் இல்லை, அதனால்தான் இவள் அம்மாவுக்குக் கடைசியில் தெரிந்தது. அதனால் பிஆர்சிஏ1 இருந்தால் 35-லிருந்து 40-க்குள், பிள்ளை பெற்று முடித்த பிறகு, சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்வார்கள். ஆக, எப்போது பிள்ளை பெறுவது, எத்தனை, தள்ளிப் போடலாமா என்பதெல்லாம் கல்யாணம் ஆன முதல் வருடமே புருஷன் பொஞ்சாதி பேசுகிற பேச்சு. அவளிடம் மறைத்தால் அவளுக்குத் தெரியாமலே அந்த முடிவுகளை அவளுக்காக மற்றவர்கள் எடுத்த மாதிரி.

இப்போது உனக்கு, சின்னவள். மாமா உன் அம்மாவின் கூடப் பிறந்தவர், அவருக்கு இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவருக்கு இருந்தால் ஒவ்வொரு பெண்ணுக்கும் பாதிக்குப் பாதி. ஆக இன்றைய நிலையில் அந்தப் பிள்ளைக்கு நாலில் ஒன்று. மாமா ஒருத்தர் ரத்தம் கொடுத்து இல்லையென்று வந்தால் மூன்று பெண்களுக்கும் அந்தக் கவலை அன்றோடு போச்சு. "உங்க பெண்களை டெஸ்ட்டுக்கு அனுப்புங்க" என்று கேட்காதே. "மாமா, நீங்க ஒருத்தர் கை நீட்டினா மூணு பிள்ளையும் கவலையில்லாம இருக்கும்" என்று கேள். தாய்மாமன் காதில் அது வேறு மாதிரி விழும்.

அவர் கடைசிவரைக்கும் மறுத்தால் அந்தப் பிள்ளை நேராகப் போய் எடுக்கலாம், அவளுக்கு வயது வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு இருக்கிறது என்று வந்தால் மாமா தெரிந்துகொள்ள விரும்பாவிட்டாலும் அவருக்கும் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். இதை அவளிடம் ஆலோசகர் முன்கூட்டியே பேசுவார், நீயும் மனதில் வைத்துக்கொள்.

செலவு: குடும்பத்தில் எந்த இடத்தில் கோளாறு என்று ஏற்கெனவே தெரிவதால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், முழு டெஸ்ட் வேண்டாம். அக்காவின் ரிசல்ட் நகல் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் போனால் அலைச்சல்தான். கிளினிக்கில் ரெஃபரல் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகலாம். மரபணு ஆலோசனை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் உண்டு, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் மரபணுப் பிரிவு உண்டு. சுபாங் ஜெயாவில் இருக்கிற கேன்சர் ரிசர்ச் மலேசியா 20 வருடத்துக்கு மேலாக மலேசியப் பெண்களின் மார்பகப் புற்று மரபணுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறது. சிப்புட் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று அண்ணன் கேட்டதற்கு இதுதான் பதில், தூரம்தான், ஆனால் இருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பாரத்தில் குடும்பத்தில் யாருக்குப் புற்று என்று கேட்டால் பொய் எழுதாதீர்கள், கிளெய்ம் செய்யும்போது பிடிப்பார்கள். டெஸ்ட்டுக்கு முன்னாலேயே இதை ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கூலிம் அக்கா எழுதிய "யார் நான், யார் அவள்" என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். ரெண்டு பிள்ளையென்றால் ஒன்றுக்கு உண்டு ஒன்றுக்கு இல்லை என்று கணக்கு இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் காசு சுண்டுகிற மாதிரி. ரெண்டு பேருக்கும் இல்லாமலே போகலாம்.


சிப்புட்_சின்னவள்

கூலிம் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டேன், பொங்கி வழிந்துவிட்டது. அக்காவுக்கும் ரெண்டு பெண்கள்தான், 15, 12. போன மாதம் பெரியவளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கப் போனபோது அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள், கடைக்காரப் பெண் சைஸ் கேட்டது காதில் விழவில்லை. நான் என்மேல் இருக்கிற கோபம் என்று நினைத்தேன்.

மிஸ்ஸி, அவர்களுக்கு இப்போதே எடுத்துவிடலாமா?


பழைய_மிஸ்ஸி

எடுக்க மாட்டார்கள்மா. இது பெரியவர்களுக்கு வருகிற நோய், சின்ன வயதில் தெரிந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. 18 ஆன பிறகு அதுகளே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. அதுவரைக்கும் அக்காவுக்குத்தான் வைத்தியம் வேண்டும், பிள்ளைகளுக்கு இல்லை. ஆலோசகரிடம் அவள் தனியாக ஒரு தடவை போய்ப் பேசட்டும். ரிசல்ட் வந்த புதிதில் மனது ரொம்ப அடிபடும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் மெதுவாக இறங்கிவிடும். தூக்கம், சாப்பாடு கெட்டுப்போய் மாதக்கணக்கில் இழுத்தால் மட்டும் விடாதே, டாக்டரிடம் சொல்.


மூணாவது_பேத்தி

இந்தத் திரியைப் படித்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை. நான் தெலுக் இந்தான் பக்கம். லோரிக்கார அண்ணனுக்குத்தான் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கதையில் மாமா மகள் ஒருத்தி வருகிறாளே, எங்கள் குடும்பத்தில் அது நான். பெரியம்மா வீட்டில் பிஆர்சிஏ1 என்று தெரிந்து நாலு வருடம் ஆகியும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு 38 வயதில் கட்டி தெரிந்தது, அப்போதும் சொல்லவில்லை. என் டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டு, நான் பெரியம்மா மகளுக்கு போன் போட்டபோது அந்தப் பக்கம் ஒன்றுமே பேசாமல் இருந்தாள் பாருங்கள், அதிலேயே புரிந்துவிட்டது.

கட்டி வந்தது யார் தப்பும் இல்லை, எனக்குத் தெரியும். முன்னால் தெரிந்திருந்தால் வந்தே இருக்காது என்றும் நான் சொல்ல மாட்டேன், சின்னதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாம், அவ்வளவுதான். என்னால் விழுங்க முடியாதது வேறு. அதற்கு முந்தைய தீபாவளிக்கு நாங்கள் எல்லாரும் பெரியம்மா வீட்டில்தான் இருந்தோம். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், எனக்குப் பெரியம்மா கை முறுக்கு ரொம்பப் பிடிக்கும், தட்டு காலியாக விடவில்லை, "சாப்பிடுடி, சாப்பிடுடி" என்று போட்டுக்கொண்டே இருந்தார். அந்த அறையில் இருந்த ஏழு பேரில் நாலு பேருக்குத் தெரியும். ஒருத்தர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நான் ரெண்டு தட்டு முறுக்கு சாப்பிட்டேன். இப்போது முறுக்குச் சத்தம் கேட்டாலே ஒரு மாதிரி இருக்கிறது.

அவர்களும் என் நல்லதுக்கென்றுதான் மறைத்தார்களாம். என் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

சின்னவள், நீ கல்யாணப் போட்டோவுக்கு இதயம் போடுகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். ஒருநாள் அவள் அந்தத் தேதிகளை எடுத்துப் பார்ப்பாள். நான் பார்த்தேன்.


லோரிக்காரன்_தாப்பா

தங்கச்சி, மன்னிச்சிடு. நேற்று ராத்திரி படித்தேன், ஸ்லிம் ரிவர் பக்கம் லோரியை ஓரம் கட்டிவிட்டு. நான் மாமா பக்கத்திலிருந்து மட்டும் யோசித்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், சின்னவள், பேப்பரை மட்டும் நீட்டாதே. எங்கள் வயசு ஆளுக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் என்றாலே கோர்ட் சம்மன் மாதிரி. அது எந்த மொழியில் இருக்கிறது?


சிப்புட்_சின்னவள்

ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கிறது அண்ணே. மாமா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவர், மலாய் பேசுவார், படிக்கத் திணறுவார். நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அவரால் படிக்க முடியாத ஒன்றைக் கொண்டுபோய் நீட்டிவிட்டு, தொடவில்லை என்று நான் கோபப்பட்டிருக்கிறேன்.


ரவாங்_ரவா

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் மனைவி ரிசல்ட்டில் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று வந்திருக்கிறது. இருக்கிறதா இல்லையா?


பழைய_மிஸ்ஸி

தம்பி, ரெண்டும் இல்லை. மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அது கெடுதல் செய்யுமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரர்களுக்கு நிறைய டெஸ்ட் எடுத்து ஆகிவிட்டது, நம்மவர்களுக்குக் கம்மி, அதனால் நமக்கு இப்படி அதிகம் வரும். அதை வைத்து ஆபரேஷன் முடிவெல்லாம் எடுக்கக் கூடாது. குடும்பத்தில் இருக்கிற நோயைப் பார்த்து டாக்டர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள். நாளைக்கு விவரம் தெரிந்தால் மாற்றிச் சொல்வார்கள், ஆகவே போன் நம்பரை மாற்றினால் அங்கே தெரியப்படுத்துங்கள்.


சிப்புட்_சின்னவள்

ரெண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை.

கடிதத்தைத் தமிழில் எழுதினேன், கையால், கோடு போட்ட பேப்பரில், பெரிய எழுத்தில். மரபணு, வாய்ப்பு என்றெல்லாம் வந்த இடத்தில் மிஸ்ஸி சொன்ன தையல்காரர் கதையைப் போட்டேன். "குடும்பத்தாருக்கு" என்று இருந்ததை "மாமாவுக்கு" என்று மாற்றினேன். முடித்துவிட்டு அக்காவிடம் கொண்டுபோய் "சரியா பார்" என்றேன். அவள் ஆசிரியை மாதிரி சிவப்புப் பேனா எடுத்து ரெண்டு ஒற்றுப்பிழை திருத்தினாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "வா, நானும் வர்றேன்" என்றாள். நான் கேட்கவே இல்லை.

மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தலையில் துணி கட்டாமல்தான் வந்தாள், கீமோவுக்கு அப்புறம் அவளை அப்படி அவர் பார்த்ததில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து, முதல் வரியிலிருந்து படித்தார். மாமி உள்ளே பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

படித்து முடித்துவிட்டு மாமா எங்கள் பாட்டியைப் பற்றிச் சொன்னார். நாங்கள் பார்க்காத பாட்டி. மாமாவுக்கு 11 வயது இருக்கும்போது இறந்துவிட்டார், பாட்டிக்கு அப்போது 40 தாண்டவில்லை. காய்ச்சலில் போனார் என்றுதான் அம்மா எங்களுக்குச் சொல்லியிருந்தார். இடது பக்க மார்பில் புண்ணாம். பால் வெட்டப் போகும்போது மாராப்புக்குள்ளே துணி வைத்துக் கட்டிக்கொண்டு போவாராம், மேற்பார்வை மண்டோருக்குத் தெரிந்தால் வேலைப் பேரை வெட்டிவிடுவார் என்று பயம். சாயங்காலம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுப்பது மாமாவின் வேலை. "அம்மிக்கல்லுல நான்தாம்மா அரைப்பேன். யார்கிட்டயும் சொல்லாதடான்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார். ஐம்பது வருடமாக அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார், எங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அக்காதான் அவர் பக்கத்தில் போய்க் கீழே உட்கார்ந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மகளிடம் நானே சொல்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டார். சொன்னது மூன்று நாள் கழித்து. அந்த மூன்று நாளும் அவள் அனுப்பிய எதற்கும் நான் இதயம் போடவில்லை. நாலாம் நாள் அவளே போன் போட்டாள், அழுதாள், அப்புறம் மாப்பிள்ளையிடம் அன்றைக்கே சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். "கூகுள் பண்ணிட்டு இருக்கான், நாளைக்குப் பேசறேன்னான்" என்றாள். மறுநாள் பேசியிருக்கிறான். கல்யாணம் நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்களுக்கு இன்னும் தெரியாது, அது அவர்கள் ரெண்டு பேர் பாடு. மாமி என்னோடு பேசுவதில்லை.

அக்கா "தப்பிச்சிட்டே" என்று சொன்னதைப் பற்றி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வந்து என் பின்னாடி உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள், ரொம்ப இறுக்கமாக, சின்ன வயதில் பின்னுகிற மாதிரி, தலை வலித்தது.

வருகிற செவ்வாய்க்கிழமை மாமாவுக்குக் கோலாலம்பூரில் அப்பாயின்மெண்ட். விடியற்காலை அஞ்சு மணிக்குக் கிளம்ப வேண்டும். அக்காதான் ஓட்டுகிறாள், மாமா முன் சீட், நான் பின்னாடி. ரிசல்ட் நகல், ரெஃபரல், மாமாவின் ஐசி (அடையாள அட்டை) எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பசியாற எங்கே நிறுத்துவது என்று இப்போதே அவர்கள் ரெண்டு பேருக்கும் சண்டை.